காப்புறுதி அட்டை கேட்காத வைத்தியசாலை

கண்டி தேசிய வைத்தியசாலையில் சேரும் நோயாளியிடம் காப்புறுதி அட்டை இருக்கிறதா என்று எவரும் கேட்பதில்லை. சிகிச்சைச் செலவை வரிப்பணம் ஏற்கிறது. பல நாடுகள் காப்புறுதி மூலம் தேடும் பாதுகாப்பை இலங்கை இவ்வழியிலேயே தேடியது.

1926 இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு அமைந்தது. 1934-35 மலேரியாக் கொள்ளைநோய் பல்லாயிரம் உயிர்களைப் பறித்தது. அதன்பின் கிராமங்களிலும் சிகிச்சை நிலையங்கள் பெருகின. 1951 இல் அரச வைத்தியசாலைக் கட்டணங்கள் நீக்கப்பட்டன. நோய்த்தடுப்புப் பணிகளும் தொடர்ந்தன. 2016 இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது.

ஆயினும் கட்டில் மட்டும் இலவசமானால் போதாது. 2022 பொருளாதார நெருக்கடியில் மருந்துகள் தட்டுப்பாடாகின. வைத்தியர் எழுதிக் கொடுத்த துண்டோடு உறவினர்கள் பார்மசி பார்மசியாக அலைந்தனர்.

அரச ஊழியருக்கு அக்ரஹார காப்புறுதி உண்டு. மாணவருக்காக 2017 இல் சுரக்ஷா தொடங்கப்பட்டது. நாட்கூலி பெறும் தாய்க்கு எது உண்டு? அவருக்கு அரச வைத்தியசாலையின் மருந்து அலுமாரிதான் காப்புறுதி. அது வெறுமையாகாமல் காப்பதே சுகாதாரச் சீர்திருத்தத்தின் முதற்படி.