அஸ்ஹர் மாணவன் கற்கும் முதற்பாடம்

கல்விக்காகக் கடல் கடந்து செல்லும் மகனை வழியனுப்பி வைக்கும் பெற்றோர், அவன் செல்லுமிடம் ஒரு முஸ்லிம் நாடு என்றால் ஓரளவு நிம்மதி அடைகின்றனர். வேளை தவறாமல் பாங்கொலி கேட்கும்; உண்ணும் உணவில் ஐயமிராது; நோன்பும் பெருநாளும் நம் ஊரைப் போலவே இருக்கும் என்று தம்மைத் தாமே தேற்றிக் கொள்கின்றனர். இந்த எண்ணத்தில் உண்மை உண்டு; ஆயினும் அது முழு உண்மையன்று. அங்கே அவன் காணப்போவது நம் ஊரை அன்று. இதை அவனும் நீங்களும் முன்னரே அறிந்திருப்பது நல்லது.

எகிப்தின் தலைநகராகிய கெய்ரோவை எடுத்துக் கொள்ளுங்கள். அங்குள்ள அல்-அஸ்ஹர் பள்ளிவாசலின் கட்டடப் பணி கி.பி. 970-ல் தொடங்கிற்று, 972-ல் அங்கு முதல் தொழுகை நடைபெற்றது. ஆயிரம் ஆண்டுகளைக் கடந்த அக்கல்விச்சாலையை நாடி உலகின் பல திசைகளிலிருந்தும் மாணவர்கள் வந்த வண்ணம் உள்ளனர். முற்காலத்தில் அவர்கள் 'ரிவாக்' எனப்படும் விடுதிகளில் நாட்டுவாரியாகத் தங்கினர். மக்ரிப் நாட்டவருக்கு ஒன்று, ஷாம் நாட்டவருக்கு ஒன்று, துருக்கியருக்கு ஒன்று, ஜாவா நாட்டவருக்கு ஒன்று என அவை அமைந்திருந்தன. வக்ஃபுச் சொத்துக்களின் வருமானத்திலிருந்து மாணவர்களுக்கு ரொட்டி வழங்கப்பட்டது. ஆப்பிரிக்காவின் ஜபர்த் பகுதியிலிருந்து வந்து, அத்தகைய விடுதி ஒன்றின் தலைமைப் பொறுப்பை வழிவழியாக வகித்த குடும்பத்தில் பிறந்தவரே வரலாற்றாசிரியர் அப்துர் ரஹ்மான் அல்-ஜபர்த்தி (1753-1825). ஓதுவதற்காக வந்த அந்நியரின் வழித்தோன்றல், அந்நாட்டின் வரலாற்றையே எழுதும் பேறு பெற்றார்!

1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னர் அஸ்ஹரில் மார்க்கக் கல்வியுடன் மருத்துவம், பொறியியல் போன்ற துறைகளும் இடம் பெற்றன. வெளிநாட்டு மாணவர்களுக்கென அப்பாஸிய்யா பகுதியில் தனிக் குடியிருப்பு உள்ளது. ரிவாக்குகளின் காலம் மாறினாலும், புதிதாக வரும் மாணவனின் சோதனைகள் மாறவில்லை.

முதற் சோதனை மொழி. நம் மத்ரஸாவில் ஆண்டுக்கணக்கில் அரபி இலக்கணம் ஓதியவன், 'எனக்கு ரொட்டி வேண்டும்' என்பதைக் கடைக்காரரிடம் "உரீது குப்ஸன்" என்று பிழையின்றிக் கூறுகிறான். கடைக்காரர் புன்னகை புரிகிறார். ஏனெனில் கெய்ரோவின் தெருவில் அதனை "ஆவிஸ் ஐஷ்" என்பர். அங்கே 'ஜமால்' என்னும் பெயர் 'கமால்' என்று ஒலிக்கும். கற்றதெல்லாம் வீணோ என்று இளைஞன் மனம் சோர்வான். வீணன்று. நூலையும் விரிவுரையையும் விளங்க அந்த இலக்கண அரபியே துணை. தெருமொழியோ சில திங்களில் தானே நாவில் படியும். அதுவரை பொறுமை வேண்டும்.

இரண்டாவது சோதனை உணவு. உம்மாவின் கைச்சோறும் மீன் ஆணமும் உண்டு வளர்ந்தவன் முன்னே, இரவெல்லாம் சிறுதீயில் வெந்த ஃபூல் என்னும் மொச்சை போன்ற பயறு காலை உணவாக வந்து நிற்கும். உடன் 'ஐஷ்' எனப்படும் ரொட்டி. அச்சொல்லுக்கு வாழ்வு என்பதே பொருள். வாழ்வையே உணவுக்குப் பெயராக இட்ட மக்கள் அவர்கள்! அரிசியும் பருப்பும் மாக்கரோனியும் கலந்த 'குஷரீ' என்ற உணவை முதன்முறை உண்ணும்போது, நம் கிச்சடியின் தூரத்து உறவோ என அவன் வியப்பான். ரமலானில் நம் பள்ளிவாசல் நோன்புக் கஞ்சிக்காக நெஞ்சம் ஏங்கும். ஆனால் அங்கே வீதியோரம் 'அர்-ரஹ்மானின் விரிப்பு' என்ற பெயரில் மேசைகள் இட்டு, யார், எந்த ஊர் என்று வினவாமல் வழிப்போக்கர் அனைவருக்கும் உணவளிப்பதைக் காண்பான். அந்நியர் நடுவே அமர்ந்து பேரீச்சம்பழத்தால் நோன்பு திறக்கும் அந்த வேளையில் அவன் அந்நியனாக இருப்பதில்லை.

இவ்விரண்டையும்விடப் பெரிய சோதனை மூன்றாவது. அது தொழுகையில் வருகிறது. ஆம், தொழுகையில்தான்!

விடுதி அறை ஒன்றில் நால்வர் தங்கியிருப்பதாக எண்ணிப் பாருங்கள். ஒருவன் நைஜீரியா நாட்டவன். மாலிகீ மத்ஹபைச் சார்ந்தவன். அவன் தொழுகையில் கைகளைக் கட்டாமல் பக்கவாட்டில் தொங்கவிட்டு நிற்கிறான். உஸ்பெகிஸ்தானத்து ஹனபீ மாணவன் தொப்புளுக்குக் கீழே கைகட்டி, ஆமீனை மெதுவாகக் கூறுகிறான். இந்தோனேசிய மாணவனோ நம் கடற்கரையூர்களைப் போன்றே ஷாபியீ. சுப்ஹுத் தொழுகையில் குனூத் ஓதுகிறான். நான்காமவன் உங்கள் மகன். தன் தெருப் பள்ளிவாசலில் கண்டது மட்டுமே தொழுகை என்று எண்ணி வந்தவன் அவன். முதல் நாள் திகைக்கிறான். இரண்டாம் நாள் வாதம் புரியவும் முற்படக்கூடும். ஆனால் விரிவுரை மண்டபத்தில் நான்கு மத்ஹபுகளும் மதிப்புடன் கற்பிக்கப்படுவதைக் காண்கிறான். ஒவ்வொன்றுக்கும் ஆதாரம் உண்டு, ஆய்ந்து தெளிந்த இமாம்கள் உண்டு என உணர்கிறான். பிறகு ஒரு குளிர்கால வைகறையில், நடுங்கும் கரங்களுடன் ஒளுச் செய்து வந்து, அந்த நைஜீரியச் சோதரனின் பின்னே தயக்கமின்றித் தக்பீர் கட்டுகிறான். அன்றுதான் அவனுடைய கல்வி தொடங்கிற்று என்று கூறலாம்.

அதே கெய்ரோவின் தென்பகுதியில் இமாம் ஷாபியீ (ரஹ்) அவர்கள் அடங்கியுள்ளார்கள். கி.பி. 767-ல் பிறந்து, தந்தையை இழந்து வறுமையில் வளர்ந்து, கல்விக்காக ஊர் ஊராகச் சென்று, 820-ல் எகிப்தில் மறைந்த அப்பெருந்தகையும் ஒரு காலத்தில் அந்நிய ஊரின் மாணவரே. மதீனாவில் இமாம் மாலிக் (ரஹ்) அவர்களிடம் பயின்றார்கள். பின்னர் பல செய்திகளில் தம் ஆசிரியரின் கருத்திலிருந்து வேறுபட்டார்கள். எனினும் அவர்மீது கொண்ட மரியாதையில் குறைவு வைக்கவில்லை. இமாம் அபூஹனீபா (ரஹ்) அவர்களின் அடக்கத்தலத்தருகே தொழுதபோது, அவர்களைக் கண்ணியப்படுத்தித் தாம் குனூத் ஓதாமல் விட்டார்கள் என்றும் ஒரு செய்தி வழங்கி வருகிறது. அவர்களது அடக்கத்தலத்தின் குவிமாடம் 1211-ல் எழுப்பப்பட்டது. அதன் உச்சியில் ஓர் உலோகப் படகு அமைந்துள்ளது. கடலையே வாழ்வாகக் கொண்ட ஊர்களிலிருந்து செல்லும் நம் பிள்ளைகள் அதனை அண்ணாந்து நோக்கும்போது, உள்ளம் நெகிழாதிருக்குமோ?

ஆகவே, பெற்றோர்களே! மகனை அனுப்பும்போது ஊறுகாயும் கம்பளி ஆடையும் கொடுத்தனுப்புங்கள், அவை தேவையே. அத்துடன், "மார்க்கம் எது, நம் ஊர் வழக்கம் எது என்று பிரித்தறிந்து வா" என்னும் ஓர் அறிவுரையையும் கொடுத்தனுப்புங்கள். ஒருவரையொருவர் அறிந்து கொள்வதற்காகவே மனிதர் பல இனத்தவராகப் படைக்கப்பட்டனர் என்பது திருமறை தரும் படிப்பினை அன்றோ?

அவன் திரும்பி வரும் நாளும் ஒன்று உண்டு. கை கட்டும் இடத்தையும் ஆமீன் கூறும் ஓசையையும் முன்னிட்டு நம் ஊர் ஜமாஅத்தில் சச்சரவு எழும்போது, அவன் எழுந்து நிதானத்துடன் நாலு வார்த்தை பேசக்கூடும். அப்போது அவனை, "வெளிநாடு போய் மாறிவிட்டான்" என்று ஒதுக்கிவிடாதீர்கள். செவிசாயுங்கள். நீங்கள் பிரிவைப் பொறுத்துப் பெற்ற பலன் அதுவே.

தொலைதூரத்தில் ஓதும் நம் பிள்ளைகள் அனைவருக்கும் பயன்தரும் கல்வியையும் பரந்த உள்ளத்தையும் வல்ல அல்லாஹ் அருள்வானாக! ஆமீன்.