சரிவு நிலத்தில் மாட்டுக் கொட்டகைக்குத் தளம்

சரிவு நிலத்தில் மேட்டை வெட்டிப் பள்ளத்தில் கொட்டினால் மட்டும் தளம் நிலைக்காது. நிரப்பிய மண் மழையில் இறங்கினால் கம்பம் சாயும்; கூரையும் சரியும். எனவே கீழ்க்கண்ட முறையைக் கையாளுங்கள்.

முதலில் புல், வேர், மேல்மண்ணை அகற்றுங்கள். இம்மண்ணைத் தோட்டத்துக்கு இடலாம். பள்ளப் பகுதியின் சரிவைப் படிபடியாக வெட்டி, விளிம்பில் கல் அணை கட்டுங்கள். அடிமண்ணை அரை அடி கனத்துக்கு மிகாமல் பரப்பி, நீர் தெளித்து, திமிசுக் கட்டையால் இடித்த பின்னரே அடுத்த அடுக்கை இட வேண்டும். கம்பக்குழிகள் நிரப்பு மண்ணைக் கடந்து கெட்டித் தரைக்குள் இறங்க வேண்டும்.

மேட்டுப் பக்கம் வாய்க்கால் வெட்டி மழைநீரைத் திருப்பி விடுங்கள். டியூப் மட்டம் பார்த்து, சிறுநீர் வடிய 10 அடிக்கு 3 அங்குலம் வாட்டம் கொடுங்கள்.