தயாரிப்பு நின்ற ஸ்போர்ட்ஸ் கார்: மதிப்பு சரிந்தும் பராமரிப்புச் செலவு குறையாதது ஏன்?

புது டெல்லி: கோவாவில் தயாரிக்கப்பட்டு 1998-இல் அறிமுகமான 'சான் ஸ்டார்ம்', இந்தியாவில் உருவான அரிய ஸ்போர்ட்ஸ் கார்களுள் ஒன்று. இரண்டு இருக்கைகள், ஃபைபர் கிளாஸ் உடற்பகுதி, 1.2 லிட்டர் ரெனால்ட் பெட்ரோல் என்ஜின் கொண்ட இந்தக் கார் இப்போது தயாரிப்பில் இல்லை. இத்தகைய கார்களின் சந்தை மதிப்பு ஆண்டுதோறும் சரிகிறது. பழுதுபார்க்கும் செலவு சரிவதில்லை. நல்ல நிலையில் ஓடும் காரும் உடைப்புக்குச் செல்ல இந்த இடைவெளியே காரணமாகிறது.

உதிரி பாகங்கள்

ஃபில்டர், ஸ்பார்க் பிளக், பெல்ட் போன்றவற்றுக்கு அதே அளவிலான பிற கார்களின் பாகங்களைப் பயன்படுத்த வாய்ப்புண்டு. முன்பக்கக் கண்ணாடி, விளக்கு உறை, கதவு ரப்பர் ஆகியவை அந்த மாடலுக்கு மட்டுமே உரியவை. ஃபைபர் உடற்பகுதி துருப்பிடிக்காது. விரிசலை உள்ளூர்ப் பட்டறையிலேயே சரிசெய்யலாம். ஆனால் அதைத் தாங்கும் இரும்புப் பாகங்கள் துருப்பிடிக்கும்.

காப்பீட்டுக் கணக்கு

பழுதுச் செலவு, காப்பீட்டு மதிப்பான ஐடிவியில் 75 சதவீதத்தைத் தாண்டினால் அது முழு இழப்பாகக் கருதப்படும். உதாரணமாக, விபத்துக்குப் பின் ரூ.1.60 லட்சம் செலவாகும் என்று கொள்வோம். ஐடிவி ரூ.4 லட்சமாக இருந்தால் கார் பழுதுபார்க்கப்படும், ரூ.2 லட்சமாக இருந்தால் முழு இழப்பாகிவிடும். சேதம் ஒன்றே, முடிவு வேறு.

வழக்கமான பாலிசியில் ஃபைபர் கிளாஸ் பாகங்களுக்கு 30 சதவீதமும், ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்கு 50 சதவீதமும் தேய்மானமாகக் கழிக்கப்படும். 5 ஆண்டுகளைக் கடந்த காரின் ஐடிவியை உரிமையாளரும் காப்பீட்டு நிறுவனமும் பேசி முடிவுசெய்யலாம் என்பதால், புதுப்பிக்கும்போது அதைக் கவனிப்பது அவசியம்.

15 முதல் 50 ஆண்டு வரை

தனிப்பயன்பாட்டுக் கார்களின் பதிவை 15 ஆண்டுகளுக்குப் பின் புதுப்பிக்க வேண்டும். இதற்கான கட்டணம் 2022 ஏப்ரலில் ரூ.600-இலிருந்து ரூ.5,000 ஆனது. 20 ஆண்டுகளைக் கடந்த கார்களுக்கு 2025-இல் இது ரூ.10,000 ஆக உயர்த்தப்பட்டது.

பழமையான வாகனங்களுக்கான 2021-ஆம் ஆண்டு விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகள் கடந்தால் மட்டுமே 'விண்டேஜ்' தகுதி கிடைக்கும். அதாவது, 1998-இல் பதிவான கார் 2048 வரை காத்திருக்க வேண்டும்.

சேசிஸ், உடற்பகுதி, என்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யப்பட்டிருந்தால் அந்தத் தகுதி கிடைக்காது. பாகம் கிடைக்காததால் வேறு என்ஜினைப் பொருத்தினால் கார் இன்று ஓடும். ஆனால் பிற்காலத்தில் அதற்கு மதிப்பு சேர்க்கக்கூடிய தகுதியை இழக்க நேரிடலாம். எனவே, பழைய என்ஜினைச் சீரமைக்க முடியுமா என்பதை முதலில் உறுதிசெய்வதே உரிமையாளர்களுக்குப் பாதுகாப்பான வழி.