மோதிய டிராக்டரின் முன் அச்சைச் சோதிப்பது எப்படி?

(வானொலி உரை)



உழவு ஓட்டும்போது புல்லுக்குள் மறைந்து கிடக்கும் பனந்தூரில் முன் சக்கரம் மோதிவிடும். இருட்டில் திரும்பும்போது மதகுச் சுவரில் இடித்துவிடும். இறங்கிப் பார்ப்போம். டயரில் காற்று இருக்கிறது, இஞ்சின் ஓடுகிறது. "ஒண்ணும் ஆகலை" என்று மறுபடி வேலையில் இறங்கிவிடுவோம். வயலில் மெதுவாக ஓடும்போது குறை தெரியாது. மூட்டையும் ஆட்களுமாக டிரெய்லர் மாட்டி ரோட்டில் போகும்போதுதான் விரிசல் விட்ட பாகம் ஒடியும். அப்புறம் ஸ்டியரிங்கை எவ்வளவு திருப்பினாலும் சக்கரம் கேட்காது. ஆகவே மோதிய வண்டியை உடனே சோதித்துவிட வேண்டும்.

அடியின் வேகம் முதலில் ரிம்முக்குப் போகும். அங்கிருந்து ஹப், பேரிங், ஸ்பிண்டில், அச்சு, அச்சின் நடுப் பின் என்று வரிசையாக ஏறும். நடுப் பின்னைத் தாங்கும் வார்ப்பிரும்புத் தாங்கி இஞ்சினோடு போல்ட்டுகளால் பிணைந்திருக்கிறது. நாமும் இதே வரிசையில் பார்க்கலாம்.

சக்கரமும் பேரிங்கும்

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, இஞ்சினை அணைத்து, பிரேக்கைப் பூட்டுங்கள். பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். மோதிய பக்கத்தை ஜாக்கியால் தூக்கி, அச்சுக்கு அடியில் கனமான மரக்கட்டையை முட்டுக் கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் கீழே போகக்கூடாது.

ரிம்முக்குப் பக்கத்தில் ஒரு குச்சியை நட்டு, சக்கரத்தைச் சுற்றுங்கள். குச்சிக்கும் ரிம்முக்கும் உள்ள இடைவெளி கூடிக் குறைந்தால் ரிம் வளைந்திருக்கிறது. கரகரவென்று சத்தம் வந்தால் பேரிங்கைக் கவனிக்க வேண்டும். பிறகு டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஹப் மட்டும் ஆடினால் குறை பேரிங்கில். ஸ்பிண்டிலும் சேர்ந்து ஆடினால் அதன் புஷ் தேய்ந்திருக்கும், அல்லது ஸ்பிண்டிலே கெட்டிருக்கும். மற்றப் பக்கத்தையும் இதேபோல் பாருங்கள், வித்தியாசம் விளங்கும்.

டேப்பில் தெரியும் வளைவு

வண்டியை இறக்கி, முன் சக்கரங்களை நேராக வையுங்கள். பின் சக்கர நடுவிலிருந்து முன் ஹப் நடு வரை இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். ஒரு பக்கம் குறைந்தால் அச்சோ ஸ்பிண்டிலோ பின்னுக்குத் தள்ளப்பட்டிருக்கிறது.

அடுத்து, இரண்டு முன் ரிம்களிலும் முன்பக்கம் ஹப் உயரத்தில் சாக்குக் கட்டியால் குறியிட்டு, இடைத்தூரத்தை அளங்கள். குறிகள் பின்பக்கம் அதே உயரத்துக்கு வரும் வரை வண்டியை நகர்த்தி மறுபடி அளங்கள். பெரும்பாலான டிராக்டர்களில் முன்பக்க அளவு சில மில்லிமீட்டர் குறைவாக இருக்கும். உங்கள் வண்டிக்கு உரிய அளவு கையேட்டில் உண்டு. முன்பக்கம் அகன்றிருந்தால் டை ராடு வளைந்திருக்கலாம். காரணத்தைப் பார்க்காமல் டை ராடைத் திருகி அளவைச் சரிக்கட்டுவது, சீழ் பிடித்த புண்ணை மூடிக் கட்டுவது போல. டயரும் வீணாகத் தேயும்.

விரிசல்

அச்சு, ஸ்பிண்டில், தாங்கி ஆகியவற்றின் சேற்றைக் கழுவிப் பெயிண்ட் உரிந்த இடங்களைத் தேடுங்கள். அங்கே மண்ணெண்ணெய் தடவிச் சிறிது நேரம் கழித்து நன்றாகத் துடைத்து, சாக்குத்தூள் பூசுங்கள். விரிசல் இருந்தால் உள்ளே போன எண்ணெய் கசிந்து கோடு காட்டும். தாங்கியின் போல்ட்டுகள் தளர்ந்திருக்கின்றனவா என்றும் பாருங்கள். நாலு சக்கரமும் இழுக்கும் வண்டியானால், முன் அச்சில் எண்ணெய்க் கசிவு கண்டதுமே ஓட்டுவதை நிறுத்த வேண்டும்.

வளைந்த ஸ்பிண்டிலை உலையில் காய்ச்சி நிமிர்த்தாதீர்கள். பக்குவம் செய்த எஃகு சூடு பட்டால் உரத்தை இழந்துவிடும். வெடித்த தாங்கிக்கு வெல்டிங்கும் வேண்டாம். இரண்டையும் புதிதாக மாற்றுவதே நல்லது. இன்சூரன்ஸ் இருந்தால் கழற்றுவதற்கு முன்பே கம்பெனிக்குத் தகவல் சொல்லி, போட்டோ எடுத்து வையுங்கள்.

சந்தேகம் தீரும்வரை டிரெய்லர் மாட்ட வேண்டாம். ஒருநாள் உழவு தள்ளிப்போனால் மறுநாள் ஓட்டிக்கொள்ளலாம். டிரெய்லரில் இருப்பவர்களின் உயிர் போனால் திரும்பி வராது.