கள்ளை அறிந்த நாவுக்கு வைன் புதிதல்ல

புத்தளம் மாவட்டத்தின் தென்கரையில், சிலாபத்திற்கும் மகா ஓயாவிற்கும் இடைப்பட்ட ஊர்களில், வரவேற்பறைக் கண்ணாடி அலுமாரியினுள் ஓர் இத்தாலிய வைன் போத்தல் நிற்பது புதுமையான காட்சியன்று. 1980களின் பிற்பகுதியிலிருந்து இக்கரையின் கத்தோலிக்கக் குடும்பங்கள் பலவற்றிலிருந்து மிலான், நாப்போலி, வெரோனா முதலிய நகரங்களுக்குத் தொழில் தேடிச் சென்றவர்கள் ஏராளம். வென்னப்புவவுக்குக் 'குட்டி இத்தாலி' என்ற பெயரே நிலைத்துவிட்டது. விடுமுறையில் ஊர் திரும்புவோரின் பயணப்பொதியில் சொக்லேட்டுடனும் பாலாடைக்கட்டியுடனும் சில யூரோக்களுக்கு வாங்கிய வைனும் வந்து சேர்கிறது.

வந்த போத்தல் உடனே திறக்கப்படுவதில்லை. மகளின் திருமணத்திற்கு ஆகட்டும், மகனின் முதல் நன்மைக்கு ஆகட்டும் என்று அது ஆண்டுக்கணக்காகக் காத்திருக்கின்றது. வைன் பழையதாகப் பழையதாகச் சிறக்கும் என்ற நம்பிக்கையே இதற்குக் காரணம். மலிவு விலை வைனைப் பொறுத்தவரை அந்நம்பிக்கை தவறானது. அவற்றிற் பெரும்பாலானவை தயாரித்த இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் அருந்துவதற்காகவே ஆக்கப்படுபவை. நீண்ட காலம் முதிரவல்ல வைன்கள் சிலவே. அவையும் ஏறத்தாழ 12 முதல் 15 பாகை செல்சியஸ் குளிரில், இருளில், கிடையாக வைக்கப்பட வேண்டும். பகலில் 30 பாகையைத் தாண்டும் நமது வரவேற்பறையில், வெளிச்சம் படும் அலுமாரியில், நிமிர்த்தி வைக்கப்பட்ட போத்தலின் தக்கை உலர்ந்து சுருங்குகிறது, காற்று உட்புகுகிறது. திருமண நாளில் விருந்தினர் அருந்துவது வைனின் எச்சத்தையே. முகஞ்சுளிக்கும் விருந்தினரோ, உயர்ந்த வைன் இப்படித்தான் இருக்கும் போலும் என்று மௌனமாகிவிடுகின்றனர்.

இந்த மௌனமே வியப்புக்குரியது. ஏனெனில், புளித்த பானமொன்றை மதிப்பிடும் கலை இக்கரைக்குப் புதிதன்று. தென்னை முக்கோணத்தின் ஒரு முனை இம்மாவட்டம். தென்னை ஆராய்ச்சி நிறுவகம் அமைந்திருப்பதும் இங்குள்ள லுணுவிலவிலேதான். பாளையிலிருந்து முட்டியில் சொட்டும் சாறு முதலில் இனிப்பானது. காற்றிலும் முட்டியிலும் உள்ள நுண்ணுயிர்கள் அதை உடனே புளிக்கவைக்கத் தொடங்குகின்றன. ஒரு நாளுக்குள் மதுசாரம் 5 முதல் 8 சதவீதம் வரை ஏறுகிறது. அதன்பின் அசற்றிக் அமிலம் மேலோங்கிக் கள் வினாகிரியாகிறது. காலைக் கள், மாலைக் கள், நேற்றைய கள் என்பவற்றை மணத்தாலேயே பிரித்தறிந்த முதியவர்கள் தவறணைகள் தோறும் இருந்தனர். சீனியைக் கரைத்துப் புளிக்கவைத்த செயற்கைக் கள்ளை ஒரு மிடறிலேயே துப்பிவிடக்கூடியவர்கள் அவர்கள். நுரையையும் நிறத்தையும் பார்த்து, முகர்ந்து, பின்னரே வாயில் வைக்கும் அந்த ஒழுங்குதான் ஐரோப்பாவின் வைன் சுவைஞர்களும் கைக்கொள்வது. பெயர்கள் மட்டுமே வேறு.

வீட்டில் இதைச் செய்ய விலையுயர்ந்த கருவிகள் வேண்டியதில்லை. வாய் சற்றுக் குறுகிய, வெறுமையான கண்ணாடிக் குவளை போதும். சிவப்பு வைனை அறை வெப்பத்தில் பரிமாற வேண்டும் என்று ஐரோப்பிய நூல்கள் கூறுவது அங்குள்ள 16 முதல் 18 பாகை அறையை மனதிற் கொண்டே. மாரவிலவின் அறை வெப்பத்தில் அருந்தினால் மதுசாரத்தின் எரிவு மட்டுமே மூக்கில் ஏறும். ஆகவே சிவப்பு வைனையும் அரைமணி நேரம் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தெடுப்பது நன்று. வெள்ளை வைனை அருந்துவதற்குப் பத்து நிமிடம் முன்னதாக வெளியே எடுத்துவிட வேண்டும். அளவு மீறிய குளிர் குறைகளையும் நிறைகளையும் ஒருங்கே மறைத்துவிடும்.

குவளையில் மூன்றிலொரு பங்கு ஊற்றி, வெள்ளைத் தாளின் முன் சாய்த்துப் பாருங்கள். இளம் வைன் தெளிவாக ஒளிர வேண்டும். வெள்ளை வைன் தேயிலைச் சாயமாகவும், சிவப்பு வைன் செங்கல் நிறமாகவும் மாறியிருப்பின் காற்று தன் வேலையைச் செய்துவிட்டது என்று கொள்ளலாம். பின்னர் குவளையைச் சுழற்றி முகருங்கள். வினாகிரி மணத்தை நமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. நகப்பூச்சு நீக்கியின் நெடியும் அதே கெடுதியின் உறவினமே. ஈரமான அட்டைப்பெட்டியின் பூஞ்சண மணம் வந்தால் அது தக்கையினால் நேர்ந்த குற்றம். அப்போத்தலை மீட்க வழியில்லை. அணைந்த தீக்குச்சியின் மணமோ பெரும்பாலும் சற்று நேரம் காற்றாட விட்டால் அகன்றுவிடும்.

வாயில் வைத்தபின் நமக்குத் துணையாவது தமிழே. ஆங்கிலேயர் துவர்ப்பை ஒரு சுவையாக எண்ணுவதில்லை. அதனாற்றான் அவர்களது வகுப்புகளில் சிவப்பு வைனின் துவர்ப்பை விளக்க நீண்ட பாடம் நடத்தப்படுகிறது. அறுசுவையில் அதற்கு இடமளித்த நமக்குப் பாக்கும், நெடுநேரம் ஊறிய வெறுந்தேநீரும், வாழைப்பிஞ்சும் போதுமான பாடங்கள். புளிப்பு வாயூறச் செய்ய வேண்டும். துவர்ப்பு ஈறுகளைப் பிடித்துப் பின் விட வேண்டும். இனிப்பு இவ்விரண்டையும் மூழ்கடித்தல் கூடாது. விழுங்கிய பின் மணம் எத்தனை விநாடி நிற்கிறது என்று எண்ணுங்கள். உடனே மறைந்துவிடுமாயின் அது எளிய வைன். பத்து விநாடி நின்றால், கொடுத்த விலைக்கு மேலானது.

வைன் நூல்கள் அடுக்கும் மேனாட்டுப் பழங்களின் பெயர்களைக் கண்டு தயங்க வேண்டாம். 1984இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ஆன் நோபிள் வடிவமைத்த மணச் சக்கரம் அங்குள்ளோர் அறிந்த பொருட்களால் ஆனது. நமக்கு நாவற்பழம், கொய்யா, அன்னாசி, கராம்பு ஆகியன இருக்கின்றன. சீரா வகைத் திராட்சையின் வைனில் மிளகு மணக்கிறது என்று ஒருவர் சொன்னால் அது கற்பனையன்று. மிளகின் மணத்திற்குக் காரணமான அதே சேர்வையை அவ்வைனிலும் அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2008இல் கண்டறிந்தனர்.

நாவைவிட நம்மை அதிகம் ஏமாற்றுவது விலையே. அதே 2008இல் கலிபோர்னியாவில் நடந்த ஆய்வொன்றில், ஐந்து டொலர் வைனையே நாற்பத்தைந்து டொலர் என்று சொல்லிக் கொடுத்தபோது சுவைத்தவர்கள் அதை மிகுதியாக விரும்பினர். மூளையின் இன்ப உணர்வோடு தொடர்புடைய பகுதியின் செயற்பாடும் கூடியது. மறுபுறம், அமெரிக்காவில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட மறைமுகச் சுவைத்தல்களைத் தொகுத்துப் பார்த்ததில், பயிற்சியற்றவர்கள் விலையுயர்ந்த வைனை அதிகம் விரும்பவில்லை என்பது தெரியவந்தது. எனவே இரண்டு மூன்று போத்தல்களைக் கடதாசியாற் சுற்றி, இலக்கமிட்டு, ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள். கானாவூர்த் திருமணத்தில் பந்தி மேற்பார்வையாளர் இரசம் எங்கிருந்து வந்தது என்று அறியாமலேயே அதன் தரத்தைச் சொன்னார் என்பதை இக்கரையினர் அறிவர். தீர்ப்பு எழுதப்பட்ட பிறகே கடதாசியைக் கழற்ற வேண்டும். வீட்டு மூத்தவர் முதலில் வாய் திறந்தால் ஏனையோர் ஆமோதித்துவிடும் வழக்கம் நம்மிடையே உண்டு. ஆதலால் ஒவ்வொருவரும் தனித்தனியே எழுதுவது உத்தமம்.

இவ்வளவும் கூறிய பின், நாவினால் முடியாத ஒன்றையும் கூறியாக வேண்டும். மெதனோல் என்ற நச்சு மதுசாரத்தைச் சுவையாலோ மணத்தாலோ அறிய இயலாது. 1986 மார்ச்சில் இத்தாலியிலேயே மெதனோல் கலந்த மலிவு வைனை அருந்தி இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர்; பலர் பார்வையிழந்தனர். அந்நாட்டின் வைன் ஏற்றுமதி அவ்வாண்டு பெரும் அடி வாங்கியது. கண்காணிப்பும் அதன் பின்னரே இறுகியது. தமிழ்நாட்டின் கள்ளக்குறிச்சியில் 2024 ஜூனில் அறுபதுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட சாராயத்திலும் இருந்தது அதே நஞ்சு. குடித்தவருக்கு முதலில் வழமையான போதையே தோன்றும். பல மணி நேரம் கழித்தே வயிற்றுவலியும் வாந்தியும் பார்வை மங்கலும் தொடங்கும். அந்நிலையில் ஒரு கணமும் தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். கசிப்பையும், முத்திரையற்ற கலன்களில் 'வைன்' என்று விற்கப்படுவதையும் சுவைத்துப் பார்த்து மதிப்பிடலாம் என்று எண்ணுவதே பேராபத்து. மலிவானது வேறு, மூலம் தெரியாதது வேறு. உரிமமின்றி மதுபானம் தயாரிப்பது 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டத்தின் கீழ்க் குற்றம் என்பதையும் நினைவிற் கொள்க.

அளவைப் பற்றியும் ஒரு சொல். உடல்நலத்திற்குத் தீங்கற்ற மதுவின் அளவு என ஒன்றில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் அறிவித்தது. மதுவை விலக்கி வாழும் அயலவர் பலர் உள்ள மாவட்டம் இது. அவர்கள் இவ்வகையில் இழப்பது ஏதுமில்லை. அருந்துவோருக்கோ, ஒப்பிட்டுப் பார்க்க இரண்டு மிடறு போதும். தொழில்முறைச் சுவைஞர்கள் பெரும்பாலும் விழுங்குவதே இல்லை, உமிழ்ந்துவிடுகின்றனர். எஞ்சியதை இறுக மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் மூன்று நான்கு நாட்கள் தாங்கும். அதன் பிறகு அது சமையலறைக்கு உரியது. இறைச்சியை ஊறவைக்க வினாகிரிக்குப் பதிலாகப் பயன்படும்.