காப்புறுதி அட்டையும் கடல் கடந்த வைத்தியசாலையும்

மன்னார்த் தீவில் நகரை அடுத்துக் கடலோரமாக அமைந்துள்ள கீரியில் ஒருவருக்கு நெஞ்சுவலி வந்தால் அவரை மன்னார் மாவட்டப் பொது வைத்தியசாலைக்குக் கொண்டு செல்கிறார்கள். அங்கே நோயைப் பற்றிக் கேட்பார்களே அன்றி, சிகிச்சைக்கான செலவை யார் பொறுப்பேற்பார் என்று எவரும் கேட்பதில்லை. 1950களின் தொடக்கத்திலிருந்து அரச வைத்தியசாலைகளில் இலவச சிகிச்சையே பொது நெறியாக இருந்து வருவதால், காப்புறுதி என்ற ஏற்பாட்டை அறியாமலே வாழ்நாள் முழுவதும் வைத்தியம் பெற்றுக்கொள்ளும் வாய்ப்பு இலங்கை மக்களுக்குக் கிடைத்திருக்கிறது. அதே மனிதர் வேலைக்காக டுபாய்க்கோ றியாத்துக்கோ சென்றதும், வைத்தியசாலையின் வரவேற்பு மேசையில் அவரிடம் முதலில் கேட்கப்படுவது காப்புறுதி விவரமே. தமக்குக் காப்புறுதி இருக்கிறது என்பதை அறிந்தவர்கள்கூட, அது எந்த வைத்தியசாலையில் செல்லுபடியாகும் என்பதை அறியாமலிருப்பதே பெரும்பாலான இடர்ப்பாடுகளுக்குத் தோற்றுவாயாக அமைகிறது.

காப்புறுதி நிறுவனம் ஒன்று எல்லா வைத்தியசாலைகளோடும் உடன்படிக்கை செய்துகொள்வதில்லை. குறிப்பிட்ட வைத்தியசாலைகள், கிளினிக்குகள், மருந்தகங்கள் ஆகியவற்றோடு முன்கூட்டியே கட்டணங்களைப் பேசித் தீர்மானித்து, அவற்றை ஒரு பட்டியலாகத் தொகுத்து வைத்திருக்கிறது. இப்பட்டியலே வலையமைப்பு எனப்படுகிறது. வலையமைப்புக்குள் இருக்கும் வைத்தியசாலையில் நோயாளி தமக்குரிய சிறு பங்கை மட்டும் செலுத்த, மீதியை வைத்தியசாலை நேரடியாகக் காப்புறுதி நிறுவனத்திடம் பெற்றுக்கொள்கிறது. வலையமைப்புக்கு வெளியே சென்றால் முழுத் தொகையையும் நோயாளியே முதலில் கட்டி, பற்றுச்சீட்டுகளை அனுப்பிப் பின்னர் மீளப்பெற வேண்டும். மலிவான திட்டங்களில் அவசர சிகிச்சை தவிர்ந்த ஏனையவற்றுக்கு இந்த மீளளிப்பும் கிடைக்காமல் போகலாம். மாதச் சம்பளத்தில் பெரும்பகுதியை ஊருக்கு அனுப்பிவிடும் ஒரு தொழிலாளிக்கு, முதலில் கட்டிப் பின்னர் பெறுதல் என்பது நடைமுறையில் சிகிச்சை பெறாமல் இருப்பதற்கு ஒப்பானது.

வளைகுடா நாடுகள் அனைத்தும் ஒரே முறையைக் கைக்கொள்வதில்லை என்பதால், உறவினர் ஒருவர் சவூதியில் பெற்ற அனுபவத்தை வைத்து இன்னொருவர் கட்டாரில் வழி தேடுவது பிழைத்துவிடும். ஐக்கிய அரபு அமீரகத்தில் அபுதாபி 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலமும், டுபாய் 2013ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தின் மூலமும் காப்புறுதியைக் கட்டாயமாக்கின. சார்ஜா, அஜ்மான், ராஸ் அல் கைமா உள்ளிட்ட ஏனைய ஐந்து அமீரகங்களில் தனியார்துறை ஊழியருக்கும் வீட்டுப் பணியாளருக்கும் 2025 ஜனவரி 1 முதலே அது கட்டாயமானது. அந்த ஐந்து அமீரகங்களுக்கென அறிவிக்கப்பட்ட அடிப்படைத் திட்டத்தின் ஆண்டுக் கட்டணம் 320 திர்ஹம். வெளிநோயாளர் சிகிச்சையில் 25 சதவீதத்தை நோயாளி ஏற்க வேண்டும், ஆயினும் அது ஒரு தடவைக்கு 100 திர்ஹத்தைத் தாண்டாது. இத்திட்டத்தை அறிவித்தபோது அதன் வலையமைப்பில் 7 வைத்தியசாலைகளும் 46 கிளினிக்குகளும் 45 மருந்தகங்களும் இருப்பதாகக் கூறப்பட்டது. ஐந்து அமீரகங்களில் பரந்து கிடக்கும் தொழிலாளர் பெருந்திரளுக்கு ஏழு வைத்தியசாலைகள் என்ற இந்த எண்ணைக் கவனித்தால், தெருவில் முதலில் கண்ணில் படும் வைத்தியசாலைக்குள் நுழைவது ஏன் ஏமாற்றத்தில் முடிகிறது என்பது விளங்கும்.

டுபாயில் குறைந்த சம்பளம் பெறுவோருக்கான அடிப்படைத் திட்டம் ஆண்டொன்றுக்கு 150,000 திர்ஹம் வரையான சிகிச்சையை உள்ளடக்குகிறது. கட்டணத்தைச் செலுத்த வேண்டியவர் தொழில் வழங்குநரே, அதைத் தொழிலாளியின் சம்பளத்தில் கழிப்பதற்குச் சட்டத்தில் இடமில்லை. இத்திட்டத்தில் இருப்பவர் நேரே விசேட வைத்தியரிடம் போக முடியாது. முதலில் பொது வைத்தியரைக் கண்டு, அவர் தரும் பரிந்துரையோடுதான் போக வேண்டும். விரும்பிய தனியார் விசேட வைத்தியரிடம் நேரே இலக்கம் எடுத்துக் காட்டிப் பழகிய இலங்கையர் பலர் இந்த ஒழுங்கை மீறிச் செல்வதும், பின்னர் முழுக் கட்டணத்தையும் தாமே சுமப்பதும் தவிர்க்கக்கூடிய இழப்புகளாகும்.

பட்டியலைத் தேடும்போது காப்புறுதி நிறுவனத்தின் பெயரை மட்டும் பார்ப்பது போதாது. ஒரே நிறுவனம் உயர்ந்த கட்டணத்துக்கு விரிந்த வலையமைப்பையும் குறைந்த கட்டணத்துக்குச் சுருங்கிய வலையமைப்பையும் விற்கிறது. ஆகவே, வைத்தியசாலையின் வாசலில் அந்நிறுவனத்தின் பெயர்ப்பலகை தொங்குவதைக் கண்டு உள்ளே செல்பவருக்கு, அவருடைய திட்டத்துக்குரிய வலையமைப்புப் படிநிலை அங்கே ஏற்கப்படாது என்ற பதில் கிடைக்கக்கூடும். மேலும், காப்புறுதியை விற்கும் நிறுவனமும் கோரிக்கைகளைக் கையாளும் நிறுவனமும் பல வேளைகளில் வேறு வேறாக இருக்கின்றன. நெக்ஸ்ட்கேர், மெட்நெட், நாஸ் போன்றவை இவ்வாறு இடையில் நின்று நிர்வகிப்பவை. இவற்றின் பெயர் காப்புறுதி விவரத்தில் குறிக்கப்பட்டிருந்தால், வைத்தியசாலைப் பட்டியலை அவற்றின் செயலியிலோ தொலைபேசி இலக்கத்திலோதான் தேட வேண்டும். எனவே தெரிந்துகொள்ள வேண்டியவை காப்புறுதி நிறுவனத்தின் பெயர், நிர்வகிக்கும் நிறுவனத்தின் பெயர், வலையமைப்பின் படிநிலைப் பெயர் என்ற மூன்றுமாகும். இம்மூன்றையும் சொல்லி, வைத்தியசாலையின் காப்புறுதிப் பிரிவையும் தொலைபேசியில் கேட்டு உறுதிசெய்துகொள்வது நல்லது. பட்டியல்கள் மாறுவதுண்டு, சென்ற ஆண்டில் இருந்த வைத்தியசாலை இந்த ஆண்டில் விலகியிருக்கவும் கூடும்.

சவூதி அரேபியாவில் தனியார்துறை ஊழியருக்கான காப்புறுதியை மேற்பார்வை செய்யும் சபை 1999இல் அமைக்கப்பட்டது. அங்கே வதிவிட அனுமதியான இக்காமாவின் இலக்கத்தைக் கொண்டே காப்புறுதி நடப்பில் உள்ளதா, எந்த நிறுவனத்தில் உள்ளது என்பவற்றை அச்சபையின் இணையச் சேவையில் பார்க்க முடிகிறது. 2022 ஒக்டோபரிலிருந்து ஆண்டு உச்சவரம்பு 10 இலட்சம் றியாலாக உயர்த்தப்பட்டுள்ளது. எனினும் இந்த ஏற்பாட்டின் பெரிய குறை வீட்டுப் பணிப்பெண்கள் பற்றியது. நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட வீட்டுப் பணியாளர்களை வைத்திருக்கும் குடும்பங்களுக்கே 2024 ஜூலையிலிருந்து காப்புறுதி கட்டாயமாக்கப்பட்டது; ஒரே ஒரு பணிப்பெண்ணாக ஒரு வீட்டில் வேலை செய்யும் பெண்ணுக்கு அக்கட்டாயத்தின் பயன் கிட்டவில்லை. வீட்டை விட்டு வெளியே செல்வதற்கே எசமானரின் சம்மதத்தை எதிர்பார்த்திருக்கும் பெண்ணுக்கு வைத்தியசாலைப் பட்டியல் மட்டும் போதுமானதன்று என்பதை இவ்விடத்தில் சொல்லியாக வேண்டும். வேலை ஒப்பந்தத்தில் வைத்தியச் செலவு யாருடைய பொறுப்பு என்பதை எழுத்தில் பெற்று, அதன் பிரதியை ஊரிலுள்ள குடும்பத்தாரிடம் விட்டுச் செல்வதே அவருக்கு ஓரளவு பாதுகாப்பாக அமையும்.

குவைத்திலும் கட்டாரிலும் அரச வைத்திய சேவையே வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்குப் பெரிதும் பயன்பட்டு வந்துள்ளது. குவைத்தில் வதிவிட அனுமதியோடு சுகாதாரக் காப்புறுதிக் கட்டணம் செலுத்தியவர், தாம் வசிக்கும் பகுதிக்குரிய கிளினிக்குக்கு முதலில் செல்ல வேண்டும். கட்டாரில் ஹமத் மருத்துவக் கூட்டுத்தாபனத்தின் வைத்தியசாலைகளில் மானியக் கட்டணத்தில் சிகிச்சை பெறுவதற்குச் சுகாதார அட்டை தேவை. தனித்து வாழும் ஆண் தொழிலாளர்களுக்கெனக் கட்டார் செம்பிறைச் சங்கம் நடத்தும் சுகாதார நிலையங்களும் உண்டு.

உயிராபத்து ஏற்படும்போது பட்டியல் பார்த்துக்கொண்டிருக்கலாகாது. அம்பியுலன்ஸை அழைக்க சவூதியில் 997, அமீரகத்தில் 998, கட்டாரில் 999, குவைத்தில் 112 ஆகிய இலக்கங்கள் உள்ளன. அவசரப் பிரிவில் உயிராபத்தை நீக்கும் சிகிச்சை முதலில் நடக்கட்டும். ஆனால் நோயாளியின் நிலை சீரானதும், பொதுவாக 24 மணி நேரத்துக்குள், காப்புறுதி நிறுவனத்துக்கு அறிவிக்க வேண்டும். அதன் பின்னான விடுதிச் சிகிச்சைக்கும் சத்திரசிகிச்சைக்கும் முன் அனுமதி, அதாவது செலவை ஏற்பதாக நிறுவனம் சிகிச்சைக்கு முன்பே வைத்தியசாலைக்குத் தரும் ஒப்புதல், அவசியமாகிறது.

இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிவு செய்து செல்வோருக்குக் கிடைக்கும் காப்புறுதியைச் சிலர் இவற்றோடு குழப்பிக்கொள்கிறார்கள். அது மரணம், உடல் ஊனம் போன்ற இழப்புகளுக்கு நட்டஈடு வழங்கும் ஏற்பாடு; வெளிநாட்டு வைத்தியசாலை மேசையில் காட்டிச் சிகிச்சை பெறுவதற்குரியது அன்று. ஆயினும் பதிவு செய்யாமல் செல்பவர் அதையும் இழக்கிறார்.

தொழிலுக்காகச் செல்வோர் ஒரு பக்கமிருக்க, பிள்ளைகளைப் பார்க்கச் செல்லும் முதியோரும் இதே கேள்விக்கு முகம்கொடுக்கின்றனர். பிரான்ஸ், ஜேர்மனி உள்ளிட்ட செங்கன் நாடுகளுக்கு விசா பெறக் குறைந்தது 30,000 யூரோ பெறுமதியான பயணக் காப்புறுதி வேண்டும். கனடாவில் பெற்றோருக்கான சூப்பர் விசாவுக்குக் குறைந்தது 100,000 கனேடிய டொலர் காப்புறுதி ஓராண்டுக்கு இருக்க வேண்டும். விசாவுக்காக வாங்கிய பத்திரத்தை விசா கிடைத்ததும் பெட்டியின் அடியில் வைத்துவிடுவதே வழக்கமாக இருக்கிறது. அதில் கவனமாக வாசிக்க வேண்டிய பகுதி, ஏற்கெனவே உள்ள நோய்கள் பற்றிய நிபந்தனையாகும்: நீரிழிவு, இரத்த அழுத்தம் போன்றவை உள்ளவருக்கு, பயணத்துக்கு முன் குறிப்பிட்ட காலம் மருந்தின் அளவு மாறாமல் இருந்திருக்க வேண்டும் என்று பல பத்திரங்கள் விதிக்கின்றன. சிகிச்சைக்காகவே வேலூருக்கோ சென்னைக்கோ செல்வோர் பயணக் காப்புறுதியை நம்பிச் செல்லக் கூடாது. முன்கூட்டியே திட்டமிட்ட சிகிச்சையை அது ஏற்பதில்லை.

எதிர்த்திசையில், மடு மாதாவின் ஆவணித் திருவிழாவுக்கும் விடுமுறைக்கும் ஐரோப்பாவிலிருந்தும் கனடாவிலிருந்தும் மன்னாருக்கு வருவோர், தாய்மண்ணுக்கு வருவதாக எண்ணுகிறார்களே தவிர, காப்புறுதியின் பார்வையில் தாம் வெளிநாட்டுக்குப் புறப்படுவதாக எண்ணுவதில்லை. ஒன்ராறியோ மாகாணத்தின் காப்புறுதி வெளிநாட்டு விடுதிச் சிகிச்சைக்கு நாளொன்றுக்கு அதிகபட்சம் 400 கனேடிய டொலரையும், அவசர வெளிநோயாளர் சிகிச்சைக்கு 50 டொலர் வரையிலும் மட்டுமே தருகிறது. ஜேர்மனியின் பொதுக் காப்புறுதி நிதியங்கள் இலங்கையில் நடக்கும் சிகிச்சைக்குப் பணம் தருவதில்லை. பிரித்தானியாவின் உலகளாவிய சுகாதார அட்டை பெயரளவில் உலகளாவியதாயினும் இலங்கையில் செல்லாது. சுவிற்சர்லாந்தின் அடிப்படைக் காப்புறுதியோ, வெளிநாட்டு அவசர சிகிச்சைக்கு சுவிசில் ஆகக்கூடிய செலவின் இரு மடங்கு வரை ஏற்கிறது. இலங்கையின் கட்டணங்களுக்கு அது தாராளமாகப் போதும். மற்றவர்கள் தனியே பயணக் காப்புறுதி எடுத்து வருவதே முறை.

அவ்வாறு எடுத்து வந்தவர் கீரியில் நோயுற்றால், பயணக் காப்புறுதி நிறுவனங்களுக்குப் பழக்கமான அசிரி, நவலோக்க, டேர்டன்ஸ், லங்கா ஹொஸ்பிற்றல்ஸ் போன்ற பெரிய தனியார் வைத்தியசாலைகள் 300 கிலோமீற்றருக்கு அப்பால் கொழும்பிலேயே உள்ளன. ஆகவே 2018 முதல் வட மாகாணத்திலும் இயங்கும் 1990 என்ற இலக்கத்துக்குரிய அம்பியுலன்ஸ் சேவையை அழைத்து மன்னார் வைத்தியசாலைக்குச் செல்வதும், அதே வேளையில் பத்திரத்தில் உள்ள 24 மணி நேர உதவி இலக்கத்துக்குத் தொலைபேசி எடுப்பதுமே முதற் செயல்களாக இருக்க வேண்டும். யாழ்ப்பாணத்துக்கோ கொழும்புக்கோ மாற்ற நேர்ந்தால், செலவை ஏற்பதாகக் காப்புறுதி நிறுவனம் தரும் பொறுப்புக் கடிதத்தை எந்த வைத்தியசாலை ஏற்கும் என்பதை அந்த உதவி நிலையமே பேசித் தீர்மானிக்கும். அக்கடிதம் இல்லாவிடில் தனியார் வைத்தியசாலைகள் முற்பணம் கேட்பது இயல்பு. வீடு திரும்பும்போது தரப்படும் நோய் நிர்ணய அட்டை, மருந்துச் சீட்டுகள், பற்றுச்சீட்டுகள் அனைத்தையும் பத்திரப்படுத்துவதோடு, அவற்றில் பெயர் கடவுச்சீட்டில் உள்ளபடியே எழுதப்பட்டிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். தந்தை பெயரும் தன் பெயரும் இடம் மாறி எழுதப்பட்ட தமிழ்ப் பெயரை வெளிநாட்டு நிறுவனம் வேறொருவருடையதாகக் கருதிக் கோரிக்கையைத் திருப்பியனுப்ப இடமுண்டு.

புறப்படுவோருக்கான பயிற்சிகளில் அரபுச் சொற்களும் வீட்டு இயந்திரங்களின் பயன்பாடும் கற்பிக்கப்படுகின்றன. அவற்றோடு, தம் பெயரில் உள்ள காப்புறுதியைக் கைப்பேசியில் தேடி, வேலை செய்யப்போகும் இடத்துக்கு அருகில் அதை ஏற்கும் ஒரு கிளினிக்கின் பெயரையும் ஒரு வைத்தியசாலையின் பெயரையும் எழுதி எடுக்கும் பயிற்சியும் சேர்க்கப்பட வேண்டும். பணியகமும் முகவர் நிலையங்களும் இதைத் தம் கடமையாக ஏற்க வேண்டும். அதுவரை, கீரியிலும் அதன் அயலூர்களிலும் வெளிநாட்டில் ஒருவரேனும் உள்ள குடும்பங்கள், அவரிடம் அடுத்த முறை பேசும்போது அந்த இரண்டு பெயர்களையும் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.