திருத்தங்கலைச் சுற்றி ஒரு மிதிவண்டிச் செலவு

சங்கப் புலவர் முடக்கொற்றனாரும் பொற்கொல்லன் வெண்ணாகனாரும் தம் பெயரோடு பூண்ட தங்காலே இன்றைய திருத்தங்கல் என்பர். இவ்வூரிலிருந்து சிவகாசி, மல்லி வழியாகத் திருவில்லிபுத்தூர் சென்று, கிருஷ்ணன்கோவில் சார்ந்து கிராமச் சாலைகளில் மீளுதல் 50 கி.மீ.க்கு மேற்பட்ட, ஒரு பகற்பொழுதிற்கு ஏற்ற செலவாம். திருவில்லிபுத்தூரின் 11 நிலைக் கோபுரம் தொலைவிலிருந்தே வழிகாட்டும்.

ஏற்றம் மிகுதியில்லை, எனினும் காற்றையும் மண்ணையும் கருதல் வேண்டும். ஆனி, ஆடியில் மேல்காற்று எதிர்த்து வீசும். வெயிலேற அது வலுக்கும். ஆதலின் விடியலில் மேற்கு நோக்கிச் சென்று, காற்று முதுகைத் தள்ள மீளுவதே முறை. ஐப்பசி மழையிலோ கரிசல்மண் சக்கரத்திற் பற்றி வண்டியை நிறுத்திவிடும். அப்போது தார்ச்சாலையை விடலாகாது.

மேற்கு மலைத்தொடர் தென்மேற்குப் பருவமழையைத் தடுத்தலால் இந்நிலம் வறண்டது. பயிருக்குப் பகையான அவ்வறட்சியே மருந்து உலர்தற்குத் துணையாகித் தீப்பெட்டி, பட்டாசுத் தொழில்களை இங்கு வளர்த்தது. பட்டாசாலைகள் ஊர்ப்புறத்தே, ஒன்றின் தீ மற்றொன்றைப் பற்றாவண்ணம் இடைவிட்ட சிற்றறைகளாய் நிற்கின்றன. அவ்வறைகளுக்கு மிதிவண்டியிற் செல்லும் தொழிலாளரும் உளர். நாம் களிப்பிற்காகச் செல்லும் வழி, அவர் உயிரைப் பணயம் வைத்து உணவு தேடும் வழியாம். அவர்க்கு வழிவிடுதலும், ஆலையருகே நெருப்பு மூட்டாமையும் நம் கடமை.